ஐரிஷ் மொழியில் அவன் பூனை, அவள் பூனை, அவர்கள் பூனை: உடைமைச் சொல்லும் முதல் மெய்யும்

லிஃபிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஏழு ஆண்டுகளாக டப்ளினில் வசிக்கிறோம். மகள் மூன்றாம் வகுப்பில் ஐரிஷ் படிக்கிறாள். சென்ற வாரம் வீட்டுப்பாடத்தில் மூன்று படங்கள் கொடுத்திருந்தார்கள்: பூனையோடு ஒரு பையன், பூனையோடு ஒரு சிறுமி, ஒரே பூனையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் இரண்டு பிள்ளைகள். அவனுடைய பூனை, அவளுடைய பூனை, அவர்களுடைய பூனை என்று எழுத வேண்டும். ஐரிஷில் பூனைக்குப் பெயர் 'கத்'. அவன், அவள், அவர்கள் ஆகிய மூவரின் உடைமைக்கும் புத்தகத்தில் 'அ' என்ற ஒரே ஓரெழுத்துச் சொல்தான் இருக்கிறது. அதனால் அவள் மூன்று இடத்திலும் 'அ கத்' என்றே எழுதிவிட்டாள். சிறுமியின் படம் மட்டும் சரி, மற்ற இரண்டும் பிழை என்று ஏடு திரும்பி வந்தது.

நானும் அவளும் உட்கார்ந்து விதியைப் படித்துப் பார்த்தோம். 'அ' மாறவில்லை, பூனையின் தலைதான் மாறுகிறது. பையனுடைய பூனையில் முதல் எழுத்துக்குப் பின்னால் ஒரு 'ஹெச்' நுழைகிறது. பிள்ளைகளுடைய பூனையில் முதல் எழுத்துக்கு முன்னால் ஒரு 'ஜி' ஏறிக்கொள்கிறது. மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் உடைமையாளர் யார் என்பதை உடைமைப் பொருளின் முதலெழுத்து ஏன் சொல்ல வேண்டும் என்று மகள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இம்மொழி அறிந்தவர்கள் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மொழிநடையன் எழுதியது:

வணக்கம் அம்மா. கால்வேயில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தவன் நான். அங்கே மாலை வகுப்புகளில்தான் ஐரிஷ் கற்றேன். உங்கள் மகள் கேட்டது மிகச் சரியான கேள்வி.

முதலில் எழுதும் முறையைச் சொல்லிவிடுகிறேன். நம் எழுத்தில் ஒரே 'க' பல ஒலிகளுக்கு நிற்கும் என்பதால், வடமொழிச் சுலோகங்களைத் தமிழில் அச்சிடுவோர் செய்வதுபோல, 'தங்கம்' என்ற சொல்லில் கேட்கும் அதிர்வொலியை க³ என்று எழுதுகிறேன். ப³, த³ ஆகியவையும் அப்படியே. தொண்டையில் உரசி வரும் ஒலியை ஆய்தம் சேர்த்து ஃக என்கிறேன். இனி அந்த மூன்று பூனைகளைப் பாருங்கள். அவனுடையது 'அ ஃகத்'. அவளுடையது 'அ கத்'. அவர்களுடையது 'அ க³த்'.

இப்போது 'கடல்', 'பகல்', 'தங்கம்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் நாம் எழுதுவது ககரம்தான். 'கடல்' என்பதில் அது முழு வல்லொலி. 'பகல்' என்பதில் இரண்டு உயிர்களுக்கு நடுவே அகப்பட்டுத் தளர்ந்து, கிட்டத்தட்ட ஹகரமாகிவிடுகிறது. 'தங்கம்' என்பதில் மூக்கொலிக்குப் பின்னால் வந்து அதிர்கிறது. இதை எந்த ஆசிரியரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. நாக்கு தானாகச் செய்கிறது. ஐரிஷ் மொழியின் மூன்று பூனைகளும் இந்த மூன்று ககரங்களே. நாம் சொல்லுக்குள்ளே செய்வதை, அம்மொழி இரண்டு சொற்களுக்கு இடையே செய்தது. முன்சொல் உயிரில் முடிந்தபோது அடுத்த சொல்லின் முதல் மெய் 'பகல்' போலத் தளர்ந்தது. மூக்கொலியில் முடிந்தபோது 'தங்கம்' போல அதிர்ந்தது. மற்ற இடங்களில் 'கடல்' போலவே நின்றது. பிறகு, பல நூற்றாண்டுகளில், முன்சொற்களின் ஈறுகள் தேய்ந்து உதிர்ந்துபோயின. ஈறு உண்டாக்கிய மாற்றம் மட்டும் பின்சொல்லின் தலையில் தங்கிவிட்டது.

தளர்ச்சியை ஐரிஷில் 'ஷேவூ' என்பார்கள்; மென்மையாக்கல் என்று பொருள். மற்றதற்குப் பெயர் 'உரூ'. சூரிய கிரகணத்துக்கும் அதே சொல்தான். ஓர் ஒலியை இன்னோர் ஒலி வந்து மறைக்கிறது என்பதால் அந்தப் பெயர் மிகப் பொருத்தமானது.

கோர்க் மாணவன் எழுதியது:

அருமையான விளக்கம் ஐயா. ஒரு சிறு ஐயம். உரூ என்றால் வல்லொலி அதிர்வொலியாவது என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படியானால் ஏற்கெனவே அதிர்வொலியாக இருக்கும் ப³, த³, க³ ஆகியவற்றில் எதுவும் நடக்கக் கூடாதல்லவா? என் வகுப்புக் குறிப்பில் அவையும் மாறுகின்றனவே.

மொழிநடையன் எழுதியது:

நீங்கள் சொல்வது சரி தம்பி, என் விளக்கத்தில் பாதி விடுபட்டுவிட்டது. வல்லொலிகள் அதிர்வொலிகளாகின்றன, ஏற்கெனவே அதிர்பவை மூக்கொலிகளாகவே மாறிவிடுகின்றன. 'பா³த்³' என்றால் படகு. அவனுடைய படகு 'அ வாத்³', அவளுடைய படகு 'அ பா³த்³', அவர்களுடைய படகு 'அ மாத்³'. இதற்கும் நம்மிடமே சான்று உண்டு. 'கோபம்' பேச்சில் 'கோவம்' ஆகிறதே, அவனுடைய படகில் நடப்பது அதுதான். 'வேண்டும்' என்பதை 'வேணும்' என்கிறோமே, மூக்கொலி தன் பின்னால் வந்த டகரத்தை விழுங்கிவிடுகிறதே, அவர்களுடைய படகில் நடப்பது அதுதான்.

இந்தப் படகு எனக்கு மறக்க முடியாதது. கன்னமாரா கடற்கரையில் ஒரு மாலை, சிறிய கல் துறையில் நின்றிருந்தேன். முதியவர் ஒருவர் கடலைக் காட்டித் தம் பேரப்பிள்ளைகளைப் பற்றி ஏதோ சொன்னார்; அதில் 'அ மாத்³' என்று இரண்டு முறை காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து அகராதியில் மகரப் பகுதி முழுவதும் தேடினேன். இல்லை. இரண்டு நாள் கழித்து, வகுப்பில் உரூ பாடம் நடந்தபோதுதான் அது பகரத்தில் இருக்க வேண்டிய சொல் என்பது விளங்கியது. அவர் சொன்னது 'அவர்களுடைய படகு'. ஐரிஷ் அகராதியைத் திறப்பதற்கு முன்னால் சொல்லின் முகமூடியை நாம் மனத்துக்குள் கழற்றிவிட வேண்டும்.

பாளை ஆசிரியர் எழுதியது:

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒரு மறுப்பும் ஓர் ஆதரவும் தெரிவிக்கிறேன். 'பகல்', 'தங்கம்' ஆகியவற்றில் ஒலி மாறினாலும் பொருள் மாறுவதில்லை. யாராவது 'பகல்' என்பதை அழுத்தி வல்லொலியாகச் சொன்னாலும் அது பகல்தான். ஐரிஷிலோ ஒலி மாறினால் உடைமையாளரே மாறிவிடுகிறார். ஆகவே இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடக் கூடாது.

ஆனால் சொல் எல்லையில் தோன்றும் மாற்றமே பொருளைத் தாங்குவது தமிழுக்குப் புதிதன்று. 'வேலை கொடு' என்றால் பணி கொடு என்று பொருள். 'வேலைக் கொடு' என்று வல்லினம் மிகுந்தால், முருகன் கையில் இருக்கும் வேல் என்ற ஆயுதத்தைக் கொடு என்று பொருள். எழுத்தில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த ஒரு ககர ஒற்றுத்தான். நாற்பது ஆண்டுகளாக மாணவர்கள் 'ஒற்றுப் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன' என்று கேட்டதற்கு நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்லி வந்தேன். அந்தச் சிறுமிக்கும் இதையே சொல்லுங்கள் அம்மா.

லிஃபிக்கரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. மகளிடம் வேல் கதையைச் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டாள்.

மொழிநடையன் அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். முன்சொற்களின் ஈறுகள் உதிர்ந்துபோயின என்றீர்கள். உதிர்ந்துபோன ஈறு உயிரா, மூக்கொலியா என்று இன்றைக்கு எப்படித் தெரியும்? விளைவைப் பார்த்துக் காரணத்தைக் கற்பித்துக்கொண்டதாக ஆகாதா?

மொழிநடையன் எழுதியது:

நியாயமான கேள்வி அம்மா. விடை ஐரிஷுக்கு வெளியே, நமக்கு மிக அருகில் இருக்கிறது. ஐரிஷும் சமஸ்கிருதமும் இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சமஸ்கிருதத்தில் 'அவனுடைய' என்பதற்கு 'அஸ்ய', 'அவளுடைய' என்பதற்கு 'அஸ்யா:', 'அவர்களுடைய' என்பதற்கு 'ஏஷாம்' ஆகிய வடிவங்கள் உண்டு. அவற்றின் முடிவுகளை மட்டும் பாருங்கள். முதலாவது உயிரில் முடிகிறது. இரண்டாவதன் விசர்க்கம், அதாவது ஈற்றில் இருபுள்ளியால் காட்டும் மூச்சொலி, பழைய ஸகர ஒற்றிலிருந்து வந்தது. மூன்றாவது மகர ஒற்றில் முடிகிறது. ஐரிஷின் மூன்று 'அ'க்களும் இந்த மூன்றின் உறவினர்கள். உயிரில் முடிந்த 'அவனுடைய' தளர்ச்சியைத் தந்தது. ஸகரத்தில் முடிந்த 'அவளுடைய' அடுத்து வந்த மெய்யைக் காப்பாற்றி, அப்படியே விட்டது. மூக்கொலியில் முடிந்த 'அவர்களுடைய' உரூவைத் தந்தது.

ஸகர ஒற்று முழுவதும் மறைந்துவிடவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. தந்தைக்கு ஐரிஷில் 'அஹிர்'. அவனுடைய தந்தை 'அ அஹிர்'. அவளுடைய தந்தை 'அ ஹஹிர்'. அந்தக் கூடுதல் ஹகரம் எங்கிருந்து வந்தது? உதிர்ந்துபோன அந்தப் பழைய ஸகரத்தின் மூச்சுதான் அது. அவர்களுடைய தந்தை என்னும்போது 'அ நஹிர்' என்று நகரம் வந்து ஒட்டுகிறது. அது பழைய மூக்கொலி. மெய்க்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருந்தவை, உயிருக்கு முன்னால் தாமே வெளிப்பட்டுவிடுகின்றன.

ஈறுகள் உண்மையிலேயே இருந்தன என்பதற்கு அயர்லாந்து மண்ணிலேயே கல்வெட்டுச் சான்றும் இருக்கிறது. ஓகம் என்ற கோட்டெழுத்தில் பொறித்த நடுகற்களில் 'மகனுடைய' என்பதற்கு ஈற்றில் இகரம் தெளிவாகச் செதுக்கப்பட்ட வடிவம் கிடைக்கிறது. பிற்காலப் பழைய ஐரிஷ் ஏடுகளில் அந்த இகரம் போய்விட்டது. உதிர்ந்த ஈறுகளே இந்த மாற்றங்களுக்குக் காரணம் என்பதை ஜெர்மானிய அறிஞர் பிரான்ஸ் பாப் 1838ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். ஐரிஷ் உள்ளிட்ட கெல்டிக் மொழிகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையா என்ற ஐயம் அப்போது இருந்தது. அதைத் தீர்க்க உதவியவற்றுள் இதுவும் ஒன்று.

கோர்க் மாணவன் எழுதியது:

தன்மைக்கும் முன்னிலைக்கும் என்ன என்பதை நானே முயன்று எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள். என் பூனை 'மொ ஃகத்', உன் பூனை 'தொ³ ஃகத்'. நம் பூனை 'ஆர் ஃகத்', உங்கள் பூனை 'வுர் ஃகத்'.

மொழிநடையன் எழுதியது:

முதல் இரண்டும் சரி. பின்னிரண்டும் தவறு தம்பி. 'ஆர்', 'வுர்' இரண்டும் பன்மை உடைமையாளர்கள் என்பதால் உரூவைத் தருபவை: 'ஆர் க³த்', 'வுர் க³த்'. ஒருமையில் என், உன், அவன் ஆகியவை மென்மையாக்கும். பன்மையில் மூன்றும் மறைக்கும். அவள் ஒருத்திதான் மெய்யை மாற்றாமல் விடுகிறாள். உயிருக்கு முன்னால் 'மொ', 'தொ³' ஆகியவற்றின் ஒகரம் கெட்டு, 'மஹிர்' என் தந்தை என்றும் 'த³ஹிர்' உன் தந்தை என்றும் வரும். நம் தந்தை 'ஆர் நஹிர்'. இங்குள்ள தேவாலயங்களில் கர்த்தர் கற்பித்த செபத்தை ஐரிஷில் தொடங்கும் முதல் இரண்டு சொற்களும் இவையே.

அச்சுக்கோவை எழுதியது:

நான் எழுத்துரு வடிவமைப்புத் துறையில் இருப்பவன். இந்த மாற்றங்களை எழுதும் முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன். உரூவில் புதிய ஒலிக்கான எழுத்தை முன்னால் எழுதி, பழைய எழுத்தை அழிக்காமல் பின்னால் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் உச்சரிப்பது முன்னெழுத்தை மட்டும். பின்னெழுத்து சொல்லின் வேரைக் காட்டுவதற்காக நிற்கிறது. இது எவ்வளவு கருணையான எழுத்துமுறை என்று நினைத்துப் பாருங்கள். கன்னமாராவில் நம் நண்பர் காதால் கேட்டதால்தான் திண்டாடினார். அதையே எழுத்தில் பார்த்திருந்தால் மகரத்துக்குப் பின்னால் பகரம் நிற்பதைக் கண்டிருப்பார். ஊர்ப்பெயர்களில் இது இன்னும் அழகு. பெயரின் பெரிய எழுத்து தன் இடத்திலேயே பெரிதாக நிற்கும். அதன் முன்னால் உரூ எழுத்து சிறியதாக வந்து ஒட்டும். கால்வேயின் ஐரிஷ் பெயர் 'கா³லிவ்'. 'கால்வேயில்' என்று எழுதும்போது சிறிய 'என்' முன்னாலும் பெரிய 'ஜி' பின்னாலுமாக எழுதுகிறார்கள்.

ஷேவூவின் கதை வேறு. பழைய கேலிக் எழுத்துருவில் மென்மையான எழுத்தின் தலைக்கு மேல் ஒரு புள்ளி வைத்தார்கள். புள்ளி வைத்தால் எழுத்தின் தன்மை மாறும் என்பது தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரோமன் எழுத்துருவுக்கு மாறியபோது அந்தப் புள்ளியின் இடத்தில் 'ஹெச்' வந்தது. பள்ளிகளில் 1960களில் இந்த மாற்றம் முழுமை பெற்றது. என் கருத்தில் அது இழப்பே. புள்ளி இருந்தவரை ஒரு சொல்லின் நீளமும் முகமும் மாறாமல் இருந்தன. இப்போது பக்கம் முழுவதும் 'ஹெச்' இறைந்து கிடக்கிறது.

லிஃபிக்கரை எழுதியது:

அழகை நீங்கள் அறிவீர்கள் ஐயா. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கையால் எழுதும்போது சிறிய புள்ளி விடுபட்டுப்போவது எளிது, 'ஹெச்' விடுபட்டால் கண்ணுக்கு உடனே தெரியும். திருத்தும் தாயாக நான் 'ஹெச்' பக்கமே நிற்கிறேன்.

இன்னொன்றையும் இப்போது புரிந்துகொண்டேன். மகளின் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணுக்கும், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவளுடைய அண்ணனுக்கும் குடும்பப் பெயர் வேறு வேறாக இருக்கிறது. அவன் 'ஓ ப்³ரியன்', அவள் 'நீ வ்ரியன்'. எழுத்துப்பிழை என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இதுவும் ஷேவூதானே?

மொழிநடையன் எழுதியது:

ஆம் அம்மா, அதுவேதான். 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். அதன் பின்னால் மெய் மாறாது, உயிர் வந்தால் ஹகரம் ஏறும். 'நீ' என்பது அந்த வழித்தோன்றலின் மகள் என்ற தொடரின் சுருக்கம், அது மென்மையாக்கும். விளிக்கும்போதும் ஷேவூ வரும். ஷேமஸ் என்பவரைக் கூப்பிடும்போது 'அ ஹேமிஷ்' என்பார்கள். ஸ்காட்லாந்தில் அந்த விளி வடிவமே ஹேமிஷ் என்று தனிப் பெயராகிவிட்டது.

பாளை ஆசிரியர் எழுதியது:

எனக்கு ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. எல்லா மெய்களும் மாறக்கூடியவையா? மாறாத மெய்யில் ஒரு சொல் தொடங்கினால் உடைமையாளரை எப்படி அறிவது?

மொழிநடையன் எழுதியது:

இந்த இடத்தில்தான் அமைப்பு கொஞ்சம் கைவிடுகிறது ஐயா. ஸகரத்துக்கும் மகரத்துக்கும் ஷேவூ உண்டு, உரூ இல்லை. ஆகவே அவளுடைய மகன், அவர்களுடைய மகன் இரண்டும் 'அ மக்' என்றே ஒலிக்கும். அவனுடைய மகன் மட்டும் 'அ வக்' என்று பிரிந்து நிற்பான். ல, ந, ர ஆகியவற்றுக்கு எழுத்தில் இரண்டுமே இல்லை. புத்தகத்துக்கு 'லௌர்' என்று பெயர். 'அ லௌர்' என்று எழுதினால் அது அவன் புத்தகமாகவும் இருக்கலாம், அவள் புத்தகமாகவும், அவர்கள் புத்தகமாகவும் இருக்கலாம். மாறாக, ஃபகரத்தில் மாற்றம் மிகப் பெரிது. சன்னலுக்கு 'ஃபின்யோக்³'. அவனுடைய சன்னல் 'அ இன்யோக்³', முதல் மெய் அடியோடு மறைந்துவிடும். அவர்களுடைய சன்னல் 'அ வின்யோக்³'.

புத்தகம் போன்ற சொற்களில் தெளிவு தேவைப்பட்டால் பெயரின் கடைசியில் ஓர் அழுத்த விகுதியைச் சேர்க்கிறார்கள். 'அ லௌர்ஸ' என்றால் அவளுடையது. 'அ லௌர்ஸன்' என்றால் அவனுடையது அல்லது அவர்களுடையது. அதுவும் போதாதபோது வாக்கியத்தையே மாற்றி, 'அவர்களிடம் இருக்கும் புத்தகம்' என்று சொல்லிவிடுவார்கள். உடைமையைக் குறிக்கத் தனி வினைச்சொல் ஐரிஷில் இல்லை. நாம் 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பதுபோலவே அவர்களும் 'தா லௌர் அக³ம்' என்கிறார்கள்: இருக்கிறது, புத்தகம், என்னிடம். ஆங்கிலம் மட்டும் அறிந்த என் வகுப்புத் தோழர்கள் இந்தப் பாடத்தில் வாரக்கணக்கில் தடுமாறினார்கள். எனக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

கோர்க் மாணவன் எழுதியது:

ஐயா, உடைமையே இல்லாத இடத்திலும் இந்த 'அ' வருகிறதே? 'அவன் தூங்குகிறான்' என்பதற்கு எங்கள் ஆசிரியர் எழுதிய வாக்கியத்தில் 'அவனுடைய' என்பது எங்கே இருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

மொழிநடையன் எழுதியது:

தூக்கம், விழிப்பு, உட்கார்ந்திருத்தல், நிற்றல், வசித்தல் போன்ற நிலைகளை ஐரிஷ்காரர்கள் ஒருவர் உள்ளே இருக்கும் இடங்களாகப் பார்க்கிறார்கள். தூக்கத்துக்கு 'கொலா' என்று பெயர். 'நான் தூங்குகிறேன்' என்பதை 'நான் என் தூக்கத்தில் இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். 'இல்' என்ற பொருளுடைய 'இ'யும் உடைமைச் சொல் 'அ'வும் சேர்ந்து 'இன' ஆகும். ஆகவே அவன் தூங்கினால் 'இன ஃகொலா', அவள் தூங்கினால் 'இன கொலா', அவர்கள் தூங்கினால் 'இன கொ³லா'. பெயர்ச்சொல்லின் முதல் மெய் இங்கே எழுவாயோடு ஒத்துப்போகிறது. நம் வினைமுற்றுகளில் ஆன், ஆள், ஆர்கள் என்று விகுதி மாறுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் சொல்லின் வாலில் காட்டுவதை அவர்கள் சொல்லின் தலையில் காட்டுகிறார்கள்.

செயப்படுபொருளும் இதே வழியில் வரும். 'அவனை அடித்துக்கொண்டு' என்பதை 'அவனுடைய அடித்தலில்' என்பதுபோல அமைப்பார்கள். அடித்தலுக்கு 'பூ³லா'. அவனை என்றால் 'ஆ வூலா', அவளை என்றால் 'ஆ பூ³லா', அவர்களை என்றால் 'ஆ மூலா'. அடிபட்டவர் யார் என்பதை அந்த ஒரு மெய்தான் சொல்கிறது.

லிஃபிக்கரை எழுதியது:

நேற்று இரவு இதைப் படித்துவிட்டு, கூடத்தில் தூங்கிப்போன அவளுடைய அப்பாவைக் காட்டி மகளிடம் கேட்டேன். 'தா ஷே இன ஃகொலா' என்றாள். தொட்டிலில் இருந்த தங்கையைக் காட்டினேன். 'தா ஷீ இன கொலா' என்றாள், ககரத்தை நன்றாக அழுத்தி. பிறகு நான் கேட்காமலேயே இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'தங்கம்' என்று ஒருமுறை மெல்லச் சொல்லிக்கொண்டு, 'தா ஷீயத்³ இன கொ³லா' என்றாள்.